வங்கித் தலைவரின் போனஸ்: எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையில்

கடன் கொடுத்த ஆண்டிலேயே வட்டியும் கட்டணமும் லாபக் கணக்கில் ஏறிவிடுகின்றன. அதே கடன் வாராக்கடனாக மாற மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் அந்த லாபத்தைக் காட்டி வாங்கிய போனஸ் செலவாகியிருக்கும். வாங்கியவர் வேறு வங்கிக்குப் போயிருக்கவும் கூடும். 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த ஊதிய விதிகள் பெரும்பாலும் இந்தக் கால இடைவெளியை அடைக்கத்தான் வந்தன. விதிகளைக் கையாளும்போது இதை மறந்தால் கணக்கெல்லாம் சரியாக இருக்கும், பயன் மட்டும் இருக்காது.

2009 ஏப்ரலில் சர்வதேச நிதி நிலைத்தன்மை வாரியத்தின் ஊதியக் கொள்கைகளும், அதே ஆண்டு செப்டம்பரில் அவற்றுக்கான அமலாக்கத் தரநிலைகளும் வந்தன. இந்திய ரிசர்வ் வங்கி அவற்றைத் தழுவி 2012 ஜனவரி 13 அன்று முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. பிறகு 2019 நவம்பர் 4 அன்று அதைத் திருத்தி எழுதி, 2020 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஊதிய ஆண்டுகளுக்குப் பொருந்தும் என்றது. தனியார் வங்கிகள், சிறு நிதி வங்கிகள், பேமென்ட் வங்கிகள், உள்ளூர் வட்டார வங்கிகள், இந்தியாவில் துணை நிறுவனமாக இயங்கும் வெளிநாட்டு வங்கிகள் எல்லாம் இதற்குள் வரும். கும்பகோணத்தின் சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் போன்றவையும் அடக்கம். பொதுத்துறை வங்கித் தலைவர்களின் சம்பளத்தை அரசு முடிவு செய்வதால் அவை இதில் இல்லை.

இயக்குநர் குழுவின் நியமன, ஊதியக் குழுவில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்குக் கோப்பு தயாரிக்கும் கம்பெனி செயலர், மனிதவளப் பிரிவினருக்கும், ஆண்டறிக்கை படிக்கும் பங்குதாரருக்கும் இந்த விதிகளை நடைமுறையில் எப்படிக் கையாள்வது என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் பட்டியல்

தலைமை நிர்வாக அதிகாரியும் முழுநேர இயக்குநர்களும் பட்டியலில் தானாகவே இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசையில்தான் சிக்கல். பெரிய இடரை ஏற்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வங்கியே கண்டறிய வேண்டும். இதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. பதவியும் முடிவெடுக்கும் அதிகாரமும் முதல் சோதனை. மொத்த ஊதியம் வங்கி நிர்ணயித்த வரம்பைத் தாண்டுகிறதா, அதிக ஊதியம் பெறும் 0.3% ஊழியர்களில் ஒருவரா, அல்லது மூத்த நிர்வாகத்தில் குறைந்த ஊதியம் பெறுபவருக்குச் சமமாகவோ மேலாகவோ வாங்குகிறாரா என்பது இரண்டாவது. இரண்டாவது சோதனையின் மூன்று கூறுகளில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும்.

பதவிப் பெயர்ப் பட்டியலை எடுத்து டிக் அடிப்பது வழக்கமான தவறு. வங்கியின் சொந்த முதலீடுகளைக் கையாளும் கருவூலப் பிரிவில் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும் டீலரின் விசிட்டிங் கார்டில் பெரிய பதவி இருக்காது. ஒரே நாளில் அவரால் எவ்வளவு நஷ்டம் ஏற்படுத்த முடியும் என்று பார்த்தால் மண்டல மேலாளரைவிட அவர்தான் முன்னால் நிற்பார். ஆகவே கடன் அனுமதி அதிகார அட்டவணையையும் கருவூல வரம்பு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைத் தயாரியுங்கள்.

இடர் மேலாண்மை, உள் தணிக்கை, விதி இணக்கப் பிரிவினரை இந்தக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். தாங்கள் கண்காணிக்கும் பிரிவின் லாபத்தை வைத்து அவர்களுக்கு போனஸ் வரக் கூடாது. அவர்களுக்கு நிலையான சம்பளமே பெரும்பங்காக இருக்க வேண்டும். அதற்காக போனஸ் போன்ற மாறும் ஊதியத்தை முழுதாக எடுத்துவிடவும் கூடாது. தவறு நடந்தால் பிடித்து வைக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி காரணத்தோடு சொல்லியிருக்கிறது.

நிலையான சம்பளம் எது?

மற்ற எல்லா விகிதங்களும் இந்தத் தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அதனால் இங்கே ஓட்டை விழுந்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும். அடிப்படைச் சம்பளம், படிகள், ஓய்வுக்கால நிதிக்கு வங்கி செலுத்தும் பங்கு, வீடு, கார் ஆகியவற்றின் பண மதிப்பு எல்லாம் நிலையான சம்பளம்தான். உச்சவரம்பு வைத்துத் திருப்பிக் கொடுக்கும் செலவுகளும் இதில் சேரும்.

ஐரோப்பிய ஒன்றியம் போனஸ் நிலையான சம்பளத்தின் 100 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பங்குதாரர் ஒப்புதல் இருந்தால் 200 சதவீதம் வரை போகலாம் என்று வரம்பு வைத்தது. உடனே வங்கிகள் ‘பதவிப் படி’ என்று புதுப்பெயரில் ஒரு தொகையைக் கொண்டுவந்து நிலையான சம்பளத்தில் சேர்த்தன. அந்தப் படியைக் கூட்டவும் குறைக்கவும் வங்கியால் முடிந்தது. பெயர் மாறியதே தவிர அது போனஸ்தான். அவற்றில் பெரும்பாலானவை விதிக்கு ஒத்துவராது என்று ஐரோப்பிய வங்கி ஆணையம் 2014 அக்டோபரில் சொல்ல வேண்டியதாயிற்று. பிரிட்டன் 2023 அக்டோபர் இறுதியில் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. நிலையான சம்பளம் ஊதிப் போனால் மோசமான ஆண்டில் குறைப்பதற்கு இடமே இருக்காது. ஒரு படி நிலையானதா என்று சந்தேகம் வந்தால், அடுத்த ஆண்டு வங்கி நஷ்டப்பட்டாலும் இது அப்படியே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அது மாறும் ஊதியம்.

கணக்கு போடும் முறை

தலைமை நிர்வாகியின் மொத்த ஊதியத்தில் குறைந்தது 50% மாறும் ஊதியமாக இருக்க வேண்டும். அது நிலையான சம்பளத்தின் 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 200% வரை என்றால் மாறும் ஊதியத்தில் குறைந்தது பாதி ரொக்கமாக இல்லாமல் பங்கு சார்ந்ததாக இருக்க வேண்டும். 200 சதவீதத்தைத் தாண்டினால் குறைந்தது 67%. மொத்த மாறும் ஊதியத்தில் குறைந்தது 60% ஒத்திவைக்கப்பட வேண்டும். ரொக்கப் பகுதியிலும் குறைந்தது பாதியை ஒத்திவைக்க வேண்டும். ரொக்கப் பகுதி 25 லட்சத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் அதை ஒத்திவைக்கத் தேவையில்லை. ஒத்திவைப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு. முதல் தவணை ஓராண்டுக்கு முன் வரக் கூடாது. தவணைகள் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இருக்கக் கூடாது, சம பங்கீட்டைவிட வேகமாகவும் (மூன்று ஆண்டென்றால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல்) போகக் கூடாது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நிலையான சம்பளம் 2 கோடி, மாறும் ஊதியம் அதன் 150%, அதாவது 3 கோடி என்று வையுங்கள். குறைந்தபட்ச நிபந்தனைகளை மட்டும் பின்பற்றினால் பங்கு 1.5 கோடி, ரொக்கம் 1.5 கோடி. ரொக்கத்தில் 75 லட்சம் இப்போது, 75 லட்சம் பிறகு. மொத்த ஒத்திவைப்பு 1.8 கோடி இருக்க வேண்டுமென்பதால் பங்கில் இன்னும் 1.05 கோடி தள்ளிப் போக வேண்டும். ஆக உடனே கிடைப்பது 75 லட்சம் ரொக்கமும் 45 லட்ச மதிப்புள்ள பங்கும். மீதி ஆண்டுக்கு 60 லட்சமாக மூன்று தவணை.

இப்போது மாறும் ஊதியத்தை 4 கோடியாக, 200 சதவீதமாக உயர்த்துங்கள். ரொக்கம் 2 கோடி, அதில் உடனே கைக்கு வருவது 1 கோடி. இன்னும் உயர்த்தி 6 கோடி, 300% ஆக்குங்கள். பங்குப் பகுதி 67 சதவீதமாகிவிடுவதால் 4.02 கோடி பங்குக்குப் போகிறது. ரொக்கம் 1.98 கோடி, அதில் உடனே வருவது 99 லட்சம். போனஸ் இரண்டு கோடி கூடியும் கையில் வரும் ரொக்கம் ஒரு லட்சம் குறைந்திருக்கிறது. இந்த விதியில் நாங்கள் மிகவும் மதிக்கும் அம்சம் இதுதான். உயரே போகப் போக, கிடைப்பதெல்லாம் வங்கியின் எதிர்காலத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது.

2012 விதியில் இது கிடையாது. அப்போது வரம்பு நிலையான சம்பளத்தின் 70%தான், பார்க்கக் கடுமையாகத் தெரியும். ஆனால் ஊழியர் பங்கு விருப்ப உரிமை (முன்பே குறித்த விலையில் பிறகு பங்கு வாங்கும் உரிமை) அந்த வரம்புக்கு வெளியே இருந்தது, பெரிய பணம் அந்த வழியாகப் போனது. 2019 திருத்தம் அதை உள்ளே கொண்டுவந்தது. அதனால்தான் எண் 300 ஆக உயர்ந்தது. எண்ணை மட்டும் பார்த்து விதி தளர்ந்துவிட்டது என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விருப்ப உரிமையை எப்படி மதிப்பிடுவது? வழங்கும் நாளில் பிளாக்-ஷோல்ஸ் என்ற விலைக் கணிப்பு முறைப்படி நியாய மதிப்பு கணக்கிட வேண்டும். இன்றைய சந்தை விலைக்கே பங்கை எடுக்கும் உரிமை என்பதால் இன்று இதன் மதிப்பு பூஜ்யம் என்ற வாதத்துக்கு இடம் தராதீர்கள். ஒரு உரிமையின் நியாய மதிப்பு 60 ரூபாய் என்றால் 1.5 கோடிக்கு 2,50,000 உரிமைகள். பிறகு பங்கு விலை ஏறினாலும் வரம்பு மீறல் ஆகாது, இறங்கினாலும் ஈடுகட்டக் கூடாது. விலை இறங்கிய பிறகு, ‘பழையது பயனற்றுப் போனது’ என்று சொல்லிக் குறைந்த விலையில் புதிய உரிமை கொடுப்பது இந்த ஏற்பாட்டின் உயிரையே எடுத்துவிடும். அதைக் கொள்கையிலேயே தடை செய்யுங்கள்.

இலக்கு எது என்பதே பெரிய விஷயம்

பங்காகக் கொடுத்துவிட்டால் தலைவர்கள் பொறுப்போடு நடப்பார்கள் என்ற நம்பிக்கையை 2008 உடைத்துவிட்டது. அந்த ஆண்டு வீழ்ந்த அமெரிக்க முதலீட்டு வங்கிகளான லேமன் பிரதர்ஸ், பேர் ஸ்டேர்ன்ஸ் இரண்டிலும் உச்சியில் இருந்தவர்களிடம் ஏராளமான பங்குகள் இருந்தன. ஆனால் 2000 முதல் 2008 வரை ரொக்க போனஸ், பங்கு விற்பனை மூலம் பேர் ஸ்டேர்ன்ஸின் முதல் ஐந்து அதிகாரிகள் சுமார் 140 கோடி டாலரும், லேமனின் ஐவர் சுமார் 100 கோடி டாலரும் ஏற்கெனவே எடுத்திருந்ததை ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. நிறுவனம் மூழ்கியபோது அவர்களின் பணத்தில் பெரும்பகுதி கரை ஏறியிருந்தது. பங்காகக் கொடுப்பதோடு நிறுத்தாமல், எப்போது விற்கலாம் என்றும் கட்ட வேண்டும்.

அதைவிட முக்கியம், எதை அளந்து கொடுக்கிறோம் என்பது. பங்கு மூலதனத்தின் மீதான வருவாய் எல்லோருக்கும் பிடித்த அளவுகோல். 100 கோடி மூலதனத்தில் 12 கோடி லாபம் என்றால் 12%. மூலதனத்தைக் கூட்டாமல் வைப்புநிதியும் கடனும் வாங்கி, ஒன்றரை மடங்கு கடன் கொடுத்து 18 கோடி லாபம் காட்டினால் 18%. வங்கி எந்த வகையிலும் திறமையாகிவிடவில்லை, அதே மூலதனத்தின் மேல் அதிகச் சுமை ஏற்றியிருக்கிறது. அதற்கு போனஸ் கொடுத்தால் அடுத்த ஆண்டு சுமை இன்னும் கூடும். ஆகவே எதிர்பார்க்கும் கடன் நஷ்டத்தையும், தாங்கும் மூலதனத்தின் விலையையும் கழித்த லாபத்தை அளவாக வையுங்கள்.

எங்கள் பரிந்துரை, அதிகாரியின் செயல்பாட்டை அளக்கும் மதிப்பெண் தாளில் எந்த ஒரு அளவீட்டுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கொடுக்காதீர்கள். முதல் வரியில் ஒரு வாசல்படி வையுங்கள். மூலதன விகிதம் வங்கியே வைத்துக்கொண்ட உள்வரம்புக்குக் கீழே போனால், மற்ற மதிப்பெண் எதுவாக இருந்தாலும் மாறும் ஊதியம் பூஜ்யம். பூஜ்யம் வரை குறைக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

கீழ்மட்ட இலக்குகளையும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகள் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நெருக்கடி தாங்காத கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். சுமார் 5,300 பேர் வேலையிழந்தனர். மேலே இருப்பவர் மதிப்பெண் தாளில் ‘விற்பனை வளர்ச்சி’ என்று ஒரே வரியாக இருப்பது கிளைக் கவுன்டரில் இந்த வடிவம் எடுக்கிறது.

பிடித்துவைப்பதும் திரும்ப வாங்குவதும்

இன்னும் கைக்குப் போகாததை ரத்து செய்வது மாலஸ். கொடுத்துவிட்டதைத் திரும்பக் கேட்பது கிளாபேக். இரண்டையும் கொள்கையில் எழுத வேண்டும், குறைந்தது ஒத்திவைப்புக் காலமும் வைத்திருப்புக் காலமும் (கைக்கு வந்த பங்கை விற்க முடியாத காலம்) முடியும்வரை அவை செல்ல வேண்டும். பிரிட்டனில் 2015 முதல் வழங்கிய போனஸுக்கு ஏழு ஆண்டு கிளாபேக் காலம் வைத்தார்கள், விசாரணை நடந்தால் மூத்த அதிகாரிகளுக்குப் பத்து ஆண்டு வரை.

நடைமுறையில் மாலஸ்தான் உங்கள் கருவி. 2016 செப்டம்பரில் வெல்ஸ் ஃபார்கோ இயக்குநர் குழு தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப்பின் கைக்குப் போகாத 4.1 கோடி டாலர் பங்குகளை ரத்து செய்தது. அவை வங்கியிடமே இருந்ததால் அது முடிந்தது. கிளாபேக் பாதை நீளமானது. 2019 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கி முன்னாள் தலைமை நிர்வாகி சந்தா கோச்சரின் விலகலைக் காரணத்தோடு கூடிய பணிநீக்கமாகக் கருதி, 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸ்களைத் திரும்பக் கேட்டது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எனவே ஒத்திவைப்பை விதி சொல்லும் குறைந்தபட்ச 60 சதவீதத்தோடு நிறுத்தாமல் தலைமை நிர்வாகிக்கு அதற்கு மேலேயே வையுங்கள்.

எந்தச் சூழலில் இவை பாயும் என்பதை முன்கூட்டியே எழுத வேண்டும். ‘கடுமையான தவறு நடந்தால்’ என்று மட்டும் எழுதினால் அந்த நாள் வரும்போது எது கடுமை என்றே வாதம் ஓடும். கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் மோசடி நடந்து அதில் மேற்பார்வைக் குறை தெரிந்தால், கடன் அனுமதியில் வங்கியின் சொந்த விதி மீறப்பட்டிருந்தால் என்று எண்ணோடும் பொறுப்போடும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் ரிசர்வ் வங்கியே கட்டாயமாக்கிவிட்டது. வங்கி காட்டிய வாராக்கடனுக்கும், அதன் நஷ்டத்துக்காக எடுத்துவைத்த ஒதுக்கீட்டுக்கும், ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டதற்கும் உள்ள வேறுபாடு பொதுவில் வெளியிட வேண்டிய வரம்பைத் தாண்டினால், அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான மாறும் ஊதியத்தில் கைக்குப் போகாத பகுதியைக் கொடுக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கு மாறும் ஊதியத்தை உயர்த்தவும் கேட்கக் கூடாது. ஆய்வுக்குப் பின் மொத்த வாராக்கடன் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஒதுக்கீட்டில் வேறுபாடு இருந்தால் மட்டுமே இந்தத் தடை பாயும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். ஆய்வு முடிவு வரும்போது அந்த ஆண்டுக்கான போனஸ் முடிவாகி முதல் பகுதி போயிருக்கலாம். எந்தத் தவணை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று உடனே சொல்லத் தெரியாவிட்டால் தவறான தவணையை நிறுத்துவீர்கள், அல்லது நிறுத்த வேண்டியதை விட்டுவிடுவீர்கள். ஆளுக்கு ஒரு தாள் வைத்திருங்கள். எந்த ஆண்டின் செயல்பாட்டுக்கு, குழு தீர்மான தேதி, ரிசர்வ் வங்கி ஒப்புதல் தேதி, ரொக்கம் எவ்வளவு, உரிமை எத்தனை, என்ன நியாய மதிப்பில், ஒவ்வொரு தவணைத் தேதி, கிளாபேக் முடியும் தேதி. தவணை விடுவிக்கும் முன் இடர், தணிக்கை, விதி இணக்கம் மூன்று பிரிவினரும் ‘ஆட்சேபம் இல்லை’ என்று அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். தானாகவே விடுபடும் தவணை என்று எதுவும் இருக்கக் கூடாது.

வரியையும் மறக்காதீர்கள். 75 லட்சம் கொடுக்கும்போது வரி பிடித்தம் போக மீதிதான் அவர் கைக்குப் போகிறது. திரும்பக் கேட்கும்போது மொத்தத் தொகையா, கைக்குப் போன தொகையா? வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓட்டைகள்

உறுதி செய்யப்பட்ட போனஸ் கூடாது. புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டில் மட்டும் சேரும் போனஸ் கொடுக்கலாம், அதுவும் பங்கு சார்ந்ததாக மட்டுமே. ஓய்வூதியம், பணிக்கொடை போன்ற சேர்ந்த பலன்களும் சட்டப்படி கட்டாயமானவையும் தவிரப் பிரிவுத் தொகை கூடாது. ஒத்திவைத்த ஊதியத்தின் மதிப்பு குறைந்தாலும் நஷ்டம் வராதபடி காப்பீடோ எதிர்ப் பந்தயமோ எடுக்க வங்கி உதவவோ அனுமதிக்கவோ கூடாது. ஆண்டுதோறும் எழுத்தில் உறுதிமொழி வாங்குங்கள்.

ராஜினாமா செய்பவருக்கு மீதித் தவணை என்ன ஆகும் என்பதே அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை. ‘நல்லபடியாக விடைபெறுகிறார்’ என்று சொல்லி எல்லாத் தவணையையும் கடைசி நாளில் விடுவித்தால், மூன்றாண்டு ஒத்திவைப்பு ஒரே மாலையில் காணாமல் போகும். ஓய்வு பெற்றாலும் தவணைகள் அதே தேதிகளில்தான் வர வேண்டும் என்று எழுதுங்கள்.

இவை எல்லாம் வேலை ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும், கொள்கைப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது. 2009 மார்ச்சில், அரசுப் பணத்தால் காப்பாற்றப்பட்ட அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜி 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தபோது அமெரிக்காவே கொதித்தது. ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது, கொடுக்காமல் இருக்க முடியாது என்பதே பதிலாக இருந்தது. நெருக்கடி வந்த பிறகு ஒப்பந்தத்தில் புதிய நிபந்தனை சேர்க்க யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

வரிசை முறை

ஆண்டு தொடங்கும் முன் குழு இலக்குகளை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டு பாதியில் இலக்கைத் தளர்த்தினால் அதற்கான காரணம் குறிப்பில் ஏற வேண்டும். இடர் மேலாண்மைக் குழுவிலிருந்து குறைந்தது ஒரு உறுப்பினர் ஊதியக் குழுவில் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் மதிப்பெண்ணை முடிவு செய்யாதீர்கள். தணிக்கை முடிந்த கணக்கை வைத்தே மதிப்பெண். பிறகு இயக்குநர் குழு தீர்மானம். தலைமை நிர்வாகிக்கும் முழுநேர இயக்குநர்களுக்கும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35பி பிரிவின் கீழ் ரிசர்வ் வங்கி ஒப்புதல் வந்த பிறகே பணம். ‘ஒப்புதலை எதிர்பார்த்து’ முன்பணம் கொடுத்துவைப்பது தேவையில்லாத வம்பு.

பங்குதாரர் எங்கே பார்க்க வேண்டும்

ஆண்டறிக்கையில் ஊதிய வெளியீட்டுப் பகுதியைத் திறங்கள். இடர் ஏற்போர் எத்தனை பேர் எனக் கண்டறியப்பட்டது, ஒத்திவைத்த தொகையில் ரொக்கம் எவ்வளவு, பங்கு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, மாலஸ், கிளாபேக் எத்தனை பேர்மீது பாய்ந்தது என்ற எண்கள் அங்கே இருக்கும். கடைநிலை ஊழியர் தவிர்த்த வங்கியின் சராசரி ஊதியமும், அதிலிருந்து ஒவ்வொரு முழுநேர இயக்குநரின் ஊதியம் எவ்வளவு விலகுகிறது என்பதும் இருக்கும். மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாராக்கடன் ஏறிய ஆண்டிலும் விடுவித்த தொகை குறையவில்லை என்றால் இலக்குகள் தவறாக வைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்து கணக்குக் குறிப்புகளில் வாராக்கடன் வேறுபாட்டு அட்டவணையைத் தேடுங்கள். வரம்பைத் தாண்டிய வேறுபாடு அங்கே அச்சாகியிருந்து, மாலஸ் எண்ணிக்கை இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பூஜ்யமாகவே இருந்தால், அந்த இரண்டு பக்க எண்களையும் குறிப்பிட்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் கம்பெனி செயலருக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள்.